தூய ஆற்றலுக்கு மாறுவதில் தடை எங்கே இருக்கிறது?

சூரிய ஒளியும் காற்றும் இத்தனை மலிவான பிறகும் உலகம் ஏன் நிலக்கரியையும் எரிவாயுவையும் விடமுடியாமல் தவிக்கிறது, நாள்தோறும் செய்திகளில் அடிபடும் புதிய தொழில்நுட்பங்களில் எவை தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தூய மின்சாரத்தை உண்டாக்கும் வேலை பெரும்பாலும் கைவந்துவிட்டது. அதை வேண்டிய நேரத்துக்கு ஒத்திவைப்பதும், வேண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்வதும், வழியில் அதன் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் தடுமாறாமல் காப்பதும், இவற்றுக்கெல்லாம் முன்பணம் திரட்டுவதும் இன்னும் கைவரவில்லை. ஆகவே ஒரு புதிய கண்டுபிடிப்பைப் பற்றிக் கேள்விப்படும்போது, அதன் செயல்திறன் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதற்கு முன்பு, இந்த நான்கு வேலைகளில் எதை அது எளிதாக்குகிறது என்று பார்ப்பது நல்லது.

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது. 2010க்கும் 2023க்கும் இடையில், பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவு உலகச் சராசரியில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. 2024இல் உலக மின் உற்பத்தியில் நீர், காற்று, சூரியன், அணு முதலிய கார்பன் குறைந்த வழிகளின் கூட்டுப் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் மனிதர்கள் இறுதியில் பயன்படுத்தும் மொத்த ஆற்றலில் மின்சாரத்தின் பங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். எஞ்சியதில் பெரும்பகுதி வண்டிகளிலும் கப்பல்களிலும் உலைகளிலும், கட்டடங்களைச் சூடேற்றுவதிலும் எரிபொருளாக நேரடியாக எரிகிறது. எனவே மின்சாரத்தைத் தூய்மையாக்குவதும், இன்று எரிபொருளில் நடக்கும் வேலைகளை மின்சாரத்துக்கு மாற்றுவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் மிகக் குறைவாகவே வீணாக்குகிறது. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து மூன்று யூனிட் அளவுக்கு அறைக்குள் சேர்க்கிறது. ஆகவே எரிபொருளில் இருக்கும் ஆற்றலை யூனிட்டுக்கு யூனிட் ஈடுகட்ட வேண்டிய தேவை இல்லை.

புதிய சூரியத் தகடுகளைப் பொறுத்தவரை, மிக அதிகமாகப் பேசப்படுவது பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருள். 2009இல் ஜப்பானில் செய்யப்பட்ட முதல் பெரோவ்ஸ்கைட் மின்கலம் ஒளியில் 3.8 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக மாற்றியது. 2024இல் சீனாவின் லோங்கி நிறுவனம் சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் அடுக்கை வைத்துச் செய்த ஆய்வக மின்கலம் 34.6 விழுக்காட்டை எட்டியது. சிலிக்கான் தனியாக நின்றால் கோட்பாட்டளவில்கூட 29 விழுக்காட்டைச் சற்றே தாண்ட முடியும் என்பதால் இது பெரிய முன்னேற்றந்தான். நீல ஒளியை மேலடுக்கும் சிவப்பு ஒளியைக் கீழடுக்கும் தமக்கு ஏற்றவாறு பிரித்துக்கொள்வதே இதன் சூட்சுமம். ஆயினும் ஈரம், வெப்பம், தொடர்ந்த வெளிச்சம் ஆகிய மூன்றுமே இந்தப் படிகத்தைச் சிதைக்கின்றன. படிகத்துக்குள் இருக்கும் அயனிகள் இடம் பெயர்கின்றன, பெரும்பாலான வகைகளில் ஈயமும் இருக்கிறது. 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படும் சிலிக்கான் தகட்டோடு போட்டியிட வேண்டிய பொருள் இது. மேலும், நான் மேலே சொன்ன நான்கு வேலைகளில் எதையும் இது நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஏற்கெனவே மலிவாக இருப்பதை இன்னும் சிறிது மலிவாக்குகிறது. இடம் குறுகிய கூரைகளுக்கு இது வரப்பிரசாதம். ஆற்றல் மாற்றத்தின் கதி இதில் அடங்கியிருக்கவில்லை.

அதிகம் பேசப்படாத, ஆனால் உண்மையில் தலைவிதியைத் தீர்மானிக்கக்கூடிய இடம் மின்கட்டமைப்பின் நிலைத்தன்மை. அதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். அனல், புனல், அணு மின்நிலையங்களில் பல நூறு டன் எடையுள்ள சுழலிகளும் மின்னாக்கிகளும் மின்கட்டமைப்போடு ஒரே கதியில் சுழன்றுகொண்டிருக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஒரு நீராவிச் சுழலி பொதுவாக நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றுபோனால், அந்த நொடியில் தேவை உற்பத்தியை மிஞ்சிவிடுகிறது. குறைபடும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சுழன்றுகொண்டிருக்கும் மற்ற எல்லா இயந்திரங்களின் இயக்க ஆற்றலிலிருந்து, யாரும் கட்டளையிடாமலே வருகிறது. அவை சற்று மெதுவாகின்றன, அதிர்வெண்ணும் இறங்கத் தொடங்குகிறது. அந்தச் சில நொடி அவகாசத்தில்தான் மற்ற நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்துக்கொண்டு நீராவியையோ நீரையோ கூடுதலாகத் திறந்துவிடுகின்றன. இந்த அவகாசத்தைத் தருவது நிலைமம், அதாவது சுழலும் பொருள் தன் வேகத்தை எளிதில் விட்டுவிடாத இயல்பு.

சூரியத் தகட்டில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. அதன் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர்களில் இன்று நிறுவப்பட்டிருப்பவை பெரும்பாலும் பின்தொடரும் வகையைச் சேர்ந்தவை: மின்கட்டமைப்பில் ஏற்கெனவே ஓடும் அலையை அளந்து, அதற்கு இசைவாகத் தம் மின்னோட்டத்தைச் செலுத்துபவை. எல்லோரும் அடுத்தவர் சுருதியைக் கேட்டே பாடத் தொடங்கினால் சுருதி கொடுக்க ஆள் இருக்காது. மின்கட்டமைப்பிலும் இதே நிலைதான். இதற்கு மாற்றாக வந்திருக்கும் இன்வெர்ட்டர் அலையைத் தானே உருவாக்கி, மின்னழுத்தத்தைத் தானே பிடித்து நிறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் 2017இல் 100 மெகாவாட் திறனோடு தொடங்கப்பட்டபோது உலகின் மிகப் பெரிய லித்தியம் பேட்டரியாக இருந்தது. பின்னர் விரிவாக்கப்பட்டு, 2022இல் இத்தகைய இன்வெர்ட்டர்களைக் கொண்டு நிலைமத்துக்கு ஈடான சேவையையும் வழங்கத் தொடங்கியது. என் கணிப்பில் கடந்த பத்தாண்டின் மிக முக்கியமான ஆற்றல் தொழில்நுட்பம் அலையைத் தானே உருவாக்கும் இந்த இன்வெர்ட்டர்தான். இதற்கு ஒரு வரம்பும் உண்டு. குறுக்குச்சுற்று ஏற்படும்போது சுழலும் இயந்திரம் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை ஒரு கணம் தர முடியும். பழுதான பகுதியைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்கள் அந்தப் பெருவெள்ளத்தைக் கண்டுதான் பழுதை இனம் காண்கின்றன. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் குறைகடத்திகளால் வழக்கத்தைவிடச் சற்றே அதிகமான மின்னோட்டத்தைத்தான் தாங்க முடியும். ஆகவே பாதுகாப்பு முறைகளையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது, அல்லது எரிபொருள் எதுவும் இல்லாமல் வெறுமனே சுழலும் சின்க்ரனஸ் கண்டென்சர் என்னும் இயந்திரங்களைத் துணைக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் முற்றிலும் இருளில் மூழ்கியபோது சூரிய ஆற்றல்தான் குற்றவாளி என்று உடனே ஒரு கூட்டம் சொன்னது. விசாரணைகள் காட்டியது வேறு. மின்னழுத்தம் கட்டுக்கு மீறி உயர்ந்தது, உயர்ந்ததால் நிலையங்கள் தங்களைத் துண்டித்துக்கொண்டன, துண்டித்துக்கொண்டதால் மின்னழுத்தம் மேலும் உயர்ந்தது. அன்றைய ஸ்பெயின் விதிகள் சூரிய, காற்று நிலையங்களிடம் மின்னழுத்தத்தைச் சூழலுக்கு ஏற்பக் கட்டுப்படுத்தும் பொறுப்பைக் கேட்கவே இல்லை. அந்தப் பொறுப்பைச் சுமந்த மரபான நிலையங்களிலும் சில வேண்டிய அளவுக்குச் செயல்படவில்லை. கருவியால் செய்ய முடிந்த வேலையை விதிப்புத்தகம் கேட்காமல் விட்டிருந்தது.

அடுத்தது சேமிப்பு. இதில் எத்தனை மணி நேரம் என்ற கேள்வியைக் கேட்காமல் பேசுவது வீண். நண்பகல் வெயிலை மாலைக்கு ஒத்திவைக்க இரண்டு முதல் நான்கு மணி நேரச் சேமிப்பு போதும். அந்த இடத்தை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துவிட்டது. அதில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். பேட்டரி விலை 2010இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கியதால், கலிஃபோர்னியாவில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டு, சூரியன் மறைந்த பின் வரும் உச்சத் தேவையில் கணிசமான பங்கைப் பேட்டரிகளே சுமக்கின்றன. சோடியம் பேட்டரி இதன் உறவுக்கார வகை. லித்தியமும் வேண்டாம், மின்முனைத் தகட்டுக்குச் செம்பும் வேண்டாம், அலுமினியம் போதும். கடுங்குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதே எடைக்குச் சேமிக்கும் ஆற்றல் குறைவு. அதைவிடப் பெரிய இடைஞ்சல் லித்தியத்தின் விலையிலிருந்து வந்தது. 2022 இறுதியில் உச்சத்தைத் தொட்ட லித்தியம் கார்பனேட் விலை அடுத்த ஓராண்டில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. விலையேற்றத்தை நம்பிச் சோடியத்துக்குப் போட்ட கணக்குகளெல்லாம் கலைந்தன. புதிய தொழில்நுட்பம் போட்டியிடுவது பழையதன் இன்றைய விலையோடு மட்டுமன்று, அது நாளை இறங்கப்போகும் விலையோடும் என்பதை முதலீட்டாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பத்து மணி நேரம் என்ற அளவில் இன்றும் அரசன் நீரேற்று மின்நிலையந்தான். இரவிலோ நண்பகலிலோ மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கினால், செலவிட்டதில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது. சீனாவின் ஃபெங்னிங் நிலையம் ஒன்றே 3,600 மெகாவாட். குறை என்னவென்றால் மலையும் நீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். நான்கைந்து நாள் தொடர்ச்சியாகக் காற்றும் வெயிலும் ஒருசேரக் குறையும் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்பதே தீராத கேள்வி. இரும்பைத் துருப்பிடிக்க விட்டு மின்சாரம் எடுத்து, மின்சாரம் செலுத்தித் துருவை மீண்டும் இரும்பாக்கும் இரும்பு-காற்று பேட்டரியை அமெரிக்காவின் ஃபார்ம் எனர்ஜி நிறுவனம் 100 மணி நேரச் சேமிப்புக்காக உருவாக்கிவருகிறது. இதில் போட்ட ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே திரும்பும். ஆண்டில் சில முறை மட்டும் பயன்படும் சேமிப்புக்கு அது பெரிய குற்றம் இல்லை. மூலப்பொருளின் விலைதான் அங்கே முக்கியம். தேவைப்படுவது மின்சாரம் அல்ல, வெப்பந்தான் என்ற இடங்களில் இன்னும் எளிய வழி இருக்கிறது: பின்லாந்தில் மணலைச் சூடாக்கிச் சேமித்து, ஊருக்கு வெந்நீர் வெப்பம் தருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஹைட்ரஜன் பெயர் வரும். அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். அதை எரிபொருள் மின்கலத்தில் போட்டு மீண்டும் மின்சாரமாக்கினால் கையில் நிற்பது 17 அல்லது 18 யூனிட். இடையில் அழுத்திச் சேமிக்கவோ, மைனஸ் 253 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கவோ ஆகும் செலவு தனி. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும் இந்த வழியில் கார் ஓட்டுவதும் அறையைச் சூடாக்குவதும், பேட்டரியும் ஹீட் பம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பொருளற்ற வேலை.

ஆனால் ஹைட்ரஜனை ஆற்றலாகப் பார்க்காமல் வேதிப்பொருளாகப் பார்த்தால் காட்சி மாறுகிறது. உலகம் இன்றே ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜனை உரத்துக்கான அம்மோனியா செய்யவும் எண்ணெய் சுத்திகரிக்கவும் பயன்படுத்துகிறது. அதில் கார்பன் குறைந்த வழியில் வருவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படும் இந்தப் பழைய ஹைட்ரஜனைப் பசுமையாக்குவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அடுத்தது இரும்பு. ஊதுலையில் கரி செய்யும் வேலை வெப்பம் தருவது மட்டுமன்று. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிப்பதும் அதுதான். அந்த வேலையை ஹைட்ரஜனும் செய்யும். புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் நீராவி வெளியேறும். ஸ்வீடனின் ஹைப்ரிட் திட்டம் 2021இல் இவ்வாறு செய்த முதல் எஃகை வோல்வோவுக்கு அனுப்பியது. ஒரு டன் இரும்புக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தேவை என்பதை மேலே சொன்ன கணக்கோடு பெருக்கினால், ஒரு டன்னுக்கு 2,500 யூனிட்டுக்கும் அதிகமான மின்சாரம் என்று வரும். ஆகவே இனி எஃகு ஆலைகள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அருகில் அல்ல, மலிவான தூய மின்சாரம் கிடைக்கும் இடத்துக்கு அருகில் அமையக்கூடும். நாடுகளின் தொழில் வரைபடமே மாறக்கூடிய செய்தி இது.

சிமென்ட் இதைவிடப் பிடிவாதமானது. அதன் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளிவருகிறது. எவ்வளவு தூய மின்சாரம் இருந்தாலும் அது நிற்காது. அதனால் கார்பனைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கும் முறைக்கு நியாயமான இடம் சிமென்ட் ஆலைதான். நார்வேயின் பிரெவிக்கில் 2025இல் திறக்கப்பட்ட அமைப்பு, ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அந்த ஆலையின் உமிழ்வில் ஏறக்குறைய பாதியைப் பிடிக்குமாறு கட்டப்பட்டிருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தின் ஆயுளை நீட்டிக்க இதே முறையைக் காட்டுவது வேறு விஷயம். மலிவான மாற்று இருக்கும் இடத்தில் விலையுயர்ந்த சுத்திகரிப்பு எதற்கு?

அணுவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிறு அணு உலைகளின் சிக்கல் இயற்பியல் சார்ந்ததன்று, பணம் சார்ந்தது. அமெரிக்காவில் நூஸ்கேல் வடிவமைப்புக்கு 2023 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது, அதே ஆண்டு நவம்பரில் அதன் முதல் திட்டம் செலவு ஏறியதால் கைவிடப்பட்டது. தொழிற்சாலையில் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் விலை இறங்கும்; விலை இறங்கினால்தான் திரும்பத் திரும்பச் செய்ய ஆணை வரும். அணுக்கரு இணைவைப் பொறுத்தவரை, 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகத்தில் இலக்கின் மீது செலுத்திய 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் வெளிப்பட்டது உண்மை. அந்த லேசர்களை இயக்க மின்இணைப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல் என்பதும் உண்மை. இதைவிட ஆழ்நிலப் புவிவெப்பத்தின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். எண்ணெய்த் தொழிலில் பழகிய கிடைமட்டத் துளையிடலைக் கொண்டு, வெந்நீர் ஊற்று இல்லாத இடத்திலும் சூடான பாறையிலிருந்து வெப்பம் எடுக்க முடியும் என்று ஃபெர்வோ நிறுவனம் 2023இல் நெவாடாவில் 3.5 மெகாவாட் அளவில் காட்டியது. இரவு பகல் பாராமல் கிடைக்கும் மின்சாரம் இது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் இத்தகைய திட்டம் ஒன்று நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று அரசின் ஆய்வுக்குழு கண்டறிந்ததையும் மறக்கக்கூடாது. எங்கே துளையிடுகிறோம், எவ்வளவு அழுத்தத்தில் நீரைச் செலுத்துகிறோம் என்பதைக் கண்காணிக்காமல் இதில் இறங்க முடியாது.

இனி தொழில்நுட்பத்துக்கு வெளியே உள்ள தடைகள். முதலாவது கம்பி. மின்கட்டமைப்பில் இணைப்புக்காக வரிசையில் நிற்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டங்கள் உலகெங்கும் குறைந்தது 3,000 கிகாவாட் என்று சர்வதேச ஆற்றல் முகமை 2023இல் கணக்கிட்டது. ஒரு சூரிய மின்நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயர் அழுத்தப் பாதைக்கு நிலம், அனுமதி, வழக்கு எல்லாம் முடிய 5 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. பெரிய மின்மாற்றிகளுக்கு ஆணை கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை வேறு. புதிய கோபுரம் எழுப்பாமலே பழைய பாதையிலிருந்து கூடுதல் வேலை வாங்கும் வழிகள் இருந்தும் அவற்றுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். எஃகு நடுவிழைக்குப் பதில் கூட்டுப்பொருள் நடுவிழை கொண்ட கம்பியை அதே கோபுரங்களில் மாற்றினால், சூடேறித் தொய்வது குறைந்து, திறன் ஏறக்குறைய இருமடங்காகும். கம்பியின் வெப்பநிலையை நேரலையில் அளந்து அதன் வரம்பை மாற்றிக்கொள்வதும் பலன் தரும்: காற்று பலமாக வீசும் நேரத்தில் கம்பி குளிர்ந்திருக்கும், காற்றாலைகள் அதிகம் உற்பத்தி செய்வதும் அதே நேரத்தில்தான்.

இரண்டாவது, மூலப்பொருளும் அதைப் பதப்படுத்தும் இடமும். சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தவுடன் மோட்டார் காந்தத்துக்கு வாகனத் தொழில் திண்டாடியது. ஆனால் எண்ணெய்த் தட்டுப்பாட்டையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியன்று. எண்ணெய் வராவிட்டால் ஓடும் வண்டி நிற்கும். தாது வராவிட்டால் புதிய வண்டி தாமதமாகும், ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். எரிந்த நிலக்கரி திரும்பாது, பேட்டரியில் இருக்கும் உலோகம் அங்கேயே இருக்கும். அதை மீட்டெடுப்பது எளிது என்று சொல்லவில்லை. தகடுகளின் அடுக்குகள் 25 ஆண்டு மழைக்கும் தாங்கும்படி ஒட்டப்படுவதாலேயே, பிரிக்கும்போது கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் எளிதில் கிடைக்க, மதிப்புள்ள வெள்ளியும் சிலிக்கானும் ஒட்டுப்பசையோடு சிக்கிக்கொள்கின்றன.

மூன்றாவது, சந்தை. வெயில் நேரத்தில் எல்லாச் சூரிய நிலையங்களும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் அவற்றின் விலையை அவையே வீழ்த்துகின்றன. ஜெர்மனியில் 2024இல் 457 மணி நேரம் மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தை விலை பூச்சியத்துக்குக் கீழே இருந்தது. மிஞ்சும் நேரத்தில் வண்டிக்கு மின்னேற்றவும் நீரைச் சூடாக்கவும் நுகர்வோருக்கு விலைச் சலுகை போய்ச் சேர்ந்தால், புதிய பேட்டரி ஒன்றும் வாங்காமலே பாதிச் சிக்கல் தணியும்.

கடைசியாக, பெரும்பாலான தொழில்நுட்பக் கட்டுரைகள் தொடாமல் போகும் வட்டி. எரிவாயு நிலையத்தின் செலவில் பெரும்பங்கு அது ஓடும் ஆண்டுகளில் வாங்கும் எரிபொருள். சூரிய, காற்று நிலையங்களின் செலவு ஏறக்குறைய முழுவதும் முதல் நாளே ஆகிவிடுகிறது. ஆகவே கடன் விலை ஏறினால் அடி இவற்றுக்குத்தான் பலமாக விழும். 2023இல் வட்டி உயர்ந்தபோது டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் நியூ ஜெர்சி கடலில் திட்டமிட்ட இரண்டு காற்றாலைப் பண்ணைகளைக் கைவிட்டது. அதே ஆண்டு பிரிட்டனின் ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட விலை கோரவில்லை. 100 கோடியில் கட்டப்படும் ஒரு சூரிய நிலையத்தை முழுவதும் 25 ஆண்டுக் கடனில் எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 விழுக்காடு வட்டியில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 7.1 கோடி, 10 விழுக்காட்டில் 11 கோடி. அதே தகடு, அதே வெயில், அதே இன்வெர்ட்டர். ஆனால் மின்சாரத்தின் விலை ஒன்றரை மடங்குக்கு மேல். வெயில் மிகுந்த வளரும் நாடுகள்தாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வட்டியைக் கட்டுகின்றன. தகட்டின் செயல்திறனை 23 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு உயர்த்தினாலும் இந்த இடைவெளியை முழுதாக ஈடுகட்ட முடியாது. பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் ஏற்கும் கடன் உத்தரவாதமும், நாணய மதிப்பு சரிந்தால் யார் இழப்பைச் சுமப்பது என்ற ஒப்பந்தமும் அங்கே அடுத்த தலைமுறைத் தகட்டைவிட விரைவாக வேலை செய்யும்.